ஏன் என்று கேட்கும் பழக்கமும் மருத்துவ நுழைவுத் தேர்வும்

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று சிறு வகுப்புகளில் கேட்டுப் பாருங்கள். "டாக்டர்" என்ற விடைதான் முதலில் வரும். ஆறாம் வகுப்பில் உரக்க ஒலிக்கும் அந்தக் குரல் பத்தாம் வகுப்பில் சற்றுத் தணிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பலரிடம் ஓய்ந்தே போகிறது. ஆசை குறைந்ததனால் அன்று. "அந்தத் தேர்வை நம்மால் எழுத முடியாது" என்ற அச்சம் வந்து விட்டதனால்தான். இந்த அச்சத்திற்கு மாற்று உண்டா? உண்டு என்பதே எங்கள் நம்பிக்கை. அதனை மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் விளக்கிச் சொல்லவே அறிவியல் ஆசிரியைகளாகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் நம் ஊரின் பெருமையை ஒரு நொடி நினைவு கூர்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால் அவர் அங்குச் சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-இல் பட்டம் பெற்றார். பின்னாளில் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். அவர் முன் நின்ற தடை, பெண்ணாகப் பிறந்தது. இன்று நம் மாணவியர் முன் அந்தத் தடை இல்லை. 2017-இல் நம் மாவட்டத்திலேயே, முள்ளூரில், 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து விட்டது. ஆனால் அந்த வாயிலைக் கடக்க ஒரு தேர்வு இருக்கிறது.

தேர்வு வந்த கதை

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. கிராமப்புற மாணவர்க்கு அது சுமையாகிறது என்று, 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அத்தேர்வு நீக்கப்பட்டது. அதன் பின் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்தது. 2017 முதல் 'நீட்' என்னும் அகில இந்தியத் தேர்வு தமிழ்நாட்டிற்கும் பொருந்தியது.

அந்த ஆண்டு நடந்ததை நாம் மறக்க இயலாது. அரியலூர் மாவட்டத்தில், குழுமூர் என்ற சிற்றூரின் கூலித் தொழிலாளியின் மகள் அனிதா. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்றவர். நீட் தேர்விலோ 720-க்கு 86 மட்டுமே பெற்றார். உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, அந்தச் செப்டம்பர் முதல் நாளில் நாம் அவரை இழந்தோம். 1176 பெற்ற பெண்ணுக்கு அறிவு குறைவு என்று யாரேனும் சொல்வார்களா? ஒருவகைத் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்தவர், முற்றிலும் வேறுவகைத் தேர்வின் முன் திடீரென நிறுத்தப்பட்டார். குறை அவரிடம் இல்லை.

இத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் நம் மாநிலத்தில் பல்லாண்டுகளாக நடக்கிறது. விலக்குக் கோரி 2021-இல் சட்டமன்றம் மசோதாவே நிறைவேற்றியது. அவ்வாதம் பெரியோர் மன்றங்களுக்கு உரியது. தேர்வு இருக்கும் வரை நம் பெண்கள் அதற்கு எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதே இங்கே நம் பொருள்.

தேர்வின் அமைப்பு

2025 மே மாதம் நடந்த தேர்வில் 180 வினாக்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. நேரம் 180 நிமிடங்கள். அதாவது ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. விடையளிக்காமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மொத்தம் 720. அவ்வாண்டு முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. எனவே 'முழு மதிப்பெண் வாங்கினால்தான் டாக்டர்' என்று எண்ணி மலைக்க வேண்டாம்.

இத்தேர்வில் தர்க்க அறிவுக்கென்று தனிப்பகுதி கிடையாது. பிரிட்டனில் 2006 முதல் நடத்தப்பெறும் மருத்துவ நுழைவுத் தேர்வில் பாடமே கேட்பதில்லை. பத்தியைப் படித்து முடிவு கூறுதல், எண்களைக் கொண்டு முடிவெடுத்தல், இக்கட்டான சூழலில் தக்கதைத் தேர்தல் ஆகியவையே அங்கு வினாக்கள். அமெரிக்கத் தேர்வில் பாடங்களுடன், படித்துச் சிந்தித்தலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. நம் நாட்டில் அது தனியாக இல்லை. ஆனால் பாட வினாக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 'கூற்று – காரணம்', 'பொருத்துக', 'பின்வருவனவற்றுள் சரியான வாக்கியங்கள் எவை' போன்ற வினாக்கள் யாவும் நினைவாற்றலோடு சிந்தனையையும் சேர்த்தே சோதிப்பவை. இவற்றில்தான் நன்கு படிக்கும் மாணவியர் கூடத் தடுமாறுகின்றனர்.

மருத்துவருக்கு இது எதற்கு?

"நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்குக் கூற்றும் காரணமும் எதற்கு?" என்று ஒரு மாணவி கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

வியன்னா நகரின் பெரிய மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள். முதல் பகுதியில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846-ஆம் ஆண்டில் முதல் பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு மூவர் கூட இல்லை. ஒரே கட்டடம், ஒரே ஊர், ஏன் இந்த வேறுபாடு?

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இதைத் தம்மிடமே கேட்டுக் கொண்டார். காற்றில் பரவும் நச்சோ? இரு பகுதிகளும் அதே காற்றைத்தானே சுவாசிக்கின்றன! எனவே அது இல்லை. நெரிசலோ? இரண்டாம் பகுதியில்தான் நெரிசல் அதிகம். அதுவும் இல்லை. இறக்கும் நிலையிலுள்ளோர்க்கு அருட்சாதனம் வழங்க வரும் குருவானவர், மணி ஒலிக்க முதல் பகுதி வழியே நடந்து செல்வார். அந்த மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகிறதோ? குருவானவரை வேறு வழியில், மணியின்றி வரச் செய்தார். மரணம் குறையவில்லை. தாய்மார் படுக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. இப்படி ஒவ்வொன்றாக நீக்கிக் கொண்டே வந்தார்.

1847-இல் அவருடைய நண்பரான மருத்துவப் பேராசிரியர் ஒருவர், பிணப் பரிசோதனையின் போது விரலில் கத்தி கீறி இறந்தார். அவரிடம் தோன்றிய அறிகுறிகள் பிரசவக் காய்ச்சலின் அறிகுறிகளைப் போன்றே இருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மருத்துவ மாணவர்கள் பிணங்களைத் தொட்ட கைகளோடு நேரே பிரசவப் பகுதிக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணப் பரிசோதனை இல்லை. வேறுபாடு இதுதான்! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். சில வாரங்களிலேயே மரணம் வெகுவாகக் குறைந்தது. கிருமி என்ற ஒன்றை யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. நுண்ணோக்கியால் அன்று, சிந்தனையால் அவர் உயிர்களைக் காத்தார்.

இன்றும் அப்படித்தான். நம் அறந்தாங்கியிலோ கறம்பக்குடியிலோ காய்ச்சலோடு ஒரு குழந்தை மருத்துவரிடம் வருகிறது. டெங்குவா, மலேரியாவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா? எத்தனை நாள், குளிர் உண்டா, உடலில் தடிப்பு உண்டா, இரத்தத்தில் தட்டணுக்கள் எத்தனை என்று கேட்டும் பார்த்தும், மருத்துவர் ஒவ்வொன்றாக நீக்குகிறார். நான்கு விடைகளில் மூன்றை நீக்கும் மாணவி, பிற்காலத்தில் செய்யப் போகும் பணியையே இப்போது பழகுகிறாள். ஆகவே சிந்தனைப் பயிற்சியை மதிப்பெண்ணுக்கான தந்திரம் என்று எண்ணாதீர்கள். அதுவே மருத்துவக் கல்வியின் முதற்பாடம்.

நான்கு எடுத்துக்காட்டுகள்

பொதுவாகச் சொன்னால் போதாது. வினாக்களையே எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, கூற்று – காரணம். கூற்று: நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை எடுத்துச் செல்கிறது. காரணம்: தமனிகள் இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்கின்றன. கூற்று சரியா? சரி. காரணம் சரியா? அதுவும் சரி. உடனே, 'இரண்டும் சரி. காரணம் கூற்றை விளக்குகிறது' என்று குறித்து விடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம். இரண்டுக்கும் நடுவே 'ஏனெனில்' என்ற சொல்லை வைத்துப் படியுங்கள். இதயத்திலிருந்து வெளியே செல்வதனால்தான் ஆக்சிஜன் குறைவு என்றால், பெருந்தமனியிலும் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டுமே! அப்படி இல்லையே. நுரையீரல் தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படுவதே உண்மைக் காரணம். தரப்பட்ட காரணம், அதற்குத் 'தமனி' என்ற பெயர் ஏன் என்பதைத்தான் விளக்குகிறது. ஆகவே இரண்டும் சரி; ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. 'ஏனெனில்' என்ற இந்த ஒரு சொல் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது, வேதியியல். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பி.எச். மதிப்பு என்ன? சூத்திரம் தெரிந்த மாணவி நொடியில் 8 என்பாள். விடைகளுள் 8-உம் காத்திருக்கும். சற்று நில்லுங்கள். பி.எச். 7-க்கு மேல் என்றால் அது காரம். தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் அது காரமாகுமா? ஒருபோதும் ஆகாது. இங்கே அமிலம் மிகச் சிறிது; ஆகவே தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் விடை 7-க்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 6.98 என வரும். கணக்கை முழுதும் போடாவிட்டாலும், '7-க்கு மேல் இருக்க முடியாது' என்ற எண்ணமே தவறான விடைகளை நீக்கி விடும்.

மூன்றாவது, இயற்பியல். தனி ஊசலின் அலைவு நேரத்திற்கான சூத்திரம் தேர்வறையில் மறந்து விட்டது. நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுப்பதா, ஈர்ப்பு முடுக்கத்தை நீளத்தால் வகுப்பதா? கலங்க வேண்டாம். கிராமத்துப் புளியமரத்தில் கட்டிய ஊஞ்சலை நினையுங்கள். கயிறு நீண்டால் ஒரு முறை போய் வர அதிக நேரம் ஆகும். எனவே நீளம் மேலே இருக்க வேண்டும். அடுத்து அலகைப் பாருங்கள். மீட்டரை, 'மீட்டர் பெர் வினாடி வர்க்கம்' என்பதால் வகுத்தால் வினாடியின் வர்க்கம் வரும். நமக்கு வேண்டியது வினாடி. எனவே வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மறந்த சூத்திரம் மீண்டும் கைக்கு வந்து விட்டது! நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்குதான் ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

நான்காவது, உயிரியல். பெண் ஒருத்தியின் தந்தைக்கு நிறக்குருடு. அவளுக்குப் பார்வை இயல்பானது. இயல்பான பார்வையுள்ள ஒருவரை மணக்கிறாள். அவர்களின் 'மகன்களில்' எத்தனை விழுக்காட்டினருக்கு நிறக்குருடு வர வாய்ப்பு? விடை 50. 'பிள்ளைகளில்' என்று கேட்டிருந்தால் 25. 'மகள்களில்' என்றால் சுழி. மரபியல் முழுதும் தெரிந்திருந்தும், அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தவறினால் விடை தவறும். மேலும், முதல் மகனுக்கு நிறக்குருடு வந்து விட்டால் 'இரண்டாமவன் தப்பினான்' என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு அதே பாதிதான்.

தமிழ் வழியில் எழுதுவோர்க்கு

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் முடிவில்தான் வரும். 'பின்வருவனவற்றுள் சரியானது எது' என்பதும் 'சரியானது அல்லாதது எது' என்பதும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவசரமாகப் படிப்பவள் கடைசிச் சொல்லுக்கு வருமுன்பே விடையைத் தேடப் போய் விடுகிறாள். எனவே 'அல்ல', 'இல்லை', 'தவறானது', 'தவிர' ஆகிய சொற்களைக் கண்டதும் பேனாவால் அடியில் ஒரு கோடு இடுங்கள்.

தமிழைத் தேர்ந்தெடுத்தவர்க்கு வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருந்தது என்று வழக்கு நடந்தது. 196 மதிப்பெண் வழங்க உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? தமிழில் சிந்திப்பது குறையே அன்று. தாய்மொழியில்தான் சிந்தனை தெளியும். ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். பாடம் முடியும்தோறும் இருபது சொற்களை இரு மொழியிலும் ஒரு சிறு ஏட்டில் எழுதி வாருங்கள். இரண்டு ஆண்டுகளில் அதுவே ஒரு நல்ல அகராதியாகி விடும்.

ஊகமும் கழிவும்

'தெரியாத வினாவுக்கு ஏதாவது ஒன்றைக் குறிக்கலாமா?' இது மாணவியர் அடிக்கடி கேட்கும் வினா. கணக்கே விடை சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். 4 வரவு, 3 செலவு, மிச்சம் 1. நான்கு வினாக்களில் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண், அதுவும் உறுதியன்று. தவிரவும், விடைகளை அமைப்போர் அரைகுறையாகத் தெரிந்தவளை இழுக்கும் வகையிலேயே தவறான விடைகளை வைக்கின்றனர்.

ஆனால் ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால், மூன்று வினாக்களில் 4 வரவு, 2 செலவு, மிச்சம் 2. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால், இரண்டே வினாக்களில் 4 வரவு, 1 செலவு, மிச்சம் 3. இப்போது தெரிகிறதா? நீக்கத் தெரிந்தவள் துணிந்து குறிக்கலாம். எதையும் நீக்க முடியாதவள் அந்த வினாவை விட்டு விட்டு, அந்த நிமிடத்தை வேறொரு வினாவுக்குக் கொடுப்பதே நன்று.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தெரிந்த வினாவில் அவசரத்தால் தவறினால் வர வேண்டிய 4 போகிறது. மேலும் 1 கழிகிறது. இழப்பு 5. இப்படிப் பத்து வினாக்கள் என்றால் 50 மதிப்பெண்! புதிய பாடம் எதையும் படிக்காமலேயே, கவனம் ஒன்றினால் மட்டும் மீட்கக்கூடிய மதிப்பெண் இது.

அன்றாடப் பயிற்சி

1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் பழகி, நம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைகளில் ஓட்டிச் சென்றதை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சைக்கிளைப் பற்றிய புத்தகத்தைப் படித்து யாராவது சைக்கிள் பழகியதுண்டா? ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடியும் ஏறினார்கள். சிந்தனைத் திறனும் அத்தகையதே. பிறவியில் வருவதன்று, பழகினால் வருவது. அதற்கு ஐந்து பழக்கங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒரு பக்கம் படித்ததும் மூன்று 'ஏன்' எழுதுங்கள். இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று படித்தால், ஏன் இல்லை, இல்லாததால் என்ன நன்மை, இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மறுநாள் வகுப்பில் எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு நாணம் வேண்டாம்.

இரண்டு: புத்தகத்தை மூடி விட்டு உங்களையே சோதியுங்கள். 2006-இல் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ எழுதிப் பார்த்தவர் முந்தினர். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் அன்று, இரண்டு ஆண்டுகள் கழித்து என்பதை மறவாதீர்கள்.

மூன்று: தோழிக்குக் கற்பியுங்கள். விடுதியின் மாலைப் படிப்பு நேரத்தில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருத்தி விளக்க, மற்றவள் 'ஏன்' என்று கேட்க வேண்டும். விளக்க இயலாத இடமே உங்களுக்குப் புரியாத இடம். விடுதிப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரிகள் வாரம் இரு நாள் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையோராய் இருப்போம்.

நான்கு: பிழை ஏடு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் தவறிய வினாவை எழுதி, அதன் எதிரே காரணத்தையும் எழுதுங்கள். பாடம் தெரியாததா? வினாவைச் சரியாகப் படிக்காததா? கூட்டல் கழித்தல் பிழையா? தெரிந்தும் சிந்தனை வழி தவறியதா? மாத முடிவில் எண்ணிப் பாருங்கள். பாடம் தெரியாமல் போனால் மருந்து படிப்பு. வினாவைப் படிக்காமல் போனால் மருந்து நிதானம். நோய் எதுவென்று அறியாமல் எல்லாவற்றுக்கும் 'இன்னும் அதிகம் படி' என்பது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலாகும்.

ஐந்து: நேரம் வைத்துப் பழகுங்கள். 2025-இல் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, மே மாத வெயிலில் நடந்தது. உண்ட களைப்பில் கண் செருகும் வேளை அது! வாரம் ஒரு முறை அதே நேரத்தில் மூன்று மணி நேரம் எழாமல் எழுதிப் பழகுங்கள். உயிரியலை 45 நிமிடத்திற்குள் முடித்தால் கணக்குகள் மிகுந்த இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கிடைக்கும். விடைத்தாளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்பிய பின் மாற்ற இயலாது. எனவே அதையும் பயிற்சியின் போதே செய்யுங்கள்.

பதினோராம் வகுப்பு மாணவியர்க்குத் தனியாக ஒரு சொல். இத்தேர்வில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புப் பாடங்களும் வரும். பதினோராம் வகுப்பை ஓய்வு ஆண்டாகக் கருதியவர் பின்னர் வருந்துவர். 2018-க்குப் பின் வந்த நம் மாநிலப் புதிய பாடநூல்கள் விரிவானவை. அவற்றை நன்கு கற்று, அதனுடன் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் வரி விடாமல் படியுங்கள். சிந்தனைக்கு அடித்தளம் செய்திதான். அரிசி இல்லாமல் அடுப்பு மூட்டிப் பயனில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பெரும் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் சேர்த்தால்தான் இடம் கிடைக்கும் என்று கடன் வாங்கத் துணியும் பெற்றோரைக் காண்கிறோம். பயிற்சி நிலையம் வினாக்களைத் தரும். அவற்றைச் சிந்திக்க வேண்டியவள் உங்கள் மகளே. பழைய வினாத்தாள்களையும் ஒரு பிழை ஏட்டையும் வைத்துக் கொண்டு வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தண்ணீர் எடுப்பதும், தம்பி தங்கையரைப் பார்ப்பதும், பாத்திரம் கழுவுவதும் பெண்பிள்ளைக்கே என்று விட்டு விடாமல், மகனுக்கும் அதில் பங்கு கொடுங்கள். இரவில் ஏழு மணி நேர உறக்கமாவது கிடைக்கச் செய்யுங்கள். உறங்காத மூளை சிந்திக்காது.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோர்க்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. எதிர்பார்த்து ஏமாறாமல் இதை முன்னரே அறிந்து கொள்ளுங்கள். தகுதி மதிப்பெண் வேறு, இடம் கிடைக்கும் மதிப்பெண் வேறு என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். 2025-இல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144. அது வாயிலைக் காட்டுமே ஒழிய அரசுக் கல்லூரி இருக்கையைத் தராது.

முதல் முறை இடம் கிடைக்காவிட்டால் மறுமுறை எழுத விரும்பும் மகளிடம், 'பெண்பிள்ளைக்கு ஓராண்டு வீணா?' என்று கேட்காதீர்கள். பிழை ஏட்டைப் பாருங்கள். பிழைகள் குறைந்து வருகின்றனவா? அப்படியானால் அந்த ஆண்டு வீணன்று. குறையவில்லை என்றால், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று நோயாளியின் அருகில் நிற்கும் பாதைகள் பல. அவை தோற்றவர்க்குரிய பாதைகள் அல்ல. ஏன் என்று கேட்கப் பழகிய பெண் எந்தப் பணியிலும் ஒளிர்வாள்.

முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், 'சாப்பிட்டாயா அம்மா?' என்று கேளுங்கள். மகள் பேசாமல் ஒதுங்கினால் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். எங்கள் கதவுகளும் திறந்தே இருக்கும்.

மாணவச் செல்வங்களே! நூறாண்டுகளுக்கு முன் இம்மண்ணின் பெண் ஒருத்தி, 'பெண் ஏன் மருத்துவம் படிக்கக் கூடாது?' என்று கேட்டாள். அந்த 'ஏன்' ஒரு கல்லூரியின் கதவைத் திறந்தது. உங்களுடைய 'ஏன்' இன்றைய பாடத்தின் முதல் பக்கத்தில் தொடங்கட்டும். நாளை வகுப்பில் உங்கள் கேள்விகளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.